ரெண்டு நாயனம், ரெண்டு தவில், ஒரு இணையதளம்

காலை ஐந்தரை மணிக்கு அடிக்கும் போன் நல்ல சேதி கொண்டு வராது என்பது என் மாமியாரின் சித்தாந்தம். என் போன் கொண்டு வருவதெல்லாம் கல்யாணச் சேதி.

“சார், மேளம் வைக்கணும். ரெண்டு நாயனம், ரெண்டு தவில். வைகாசி இருபதாம் தேதி. எவ்வளவு ஆகும்?”

“நான் மேளக்காரர் இல்லீங்க.”

“நெட்டுல உங்க நம்பர்தானே போட்டிருக்கு?”

“போட்டிருக்குதான். நான் நாயனத்தைப் பத்தி எழுதறவன்.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பெண்ணைப் பெற்றவர்; எதையும் கேட்டுத் தெளிவு பண்ணிக்கொள்கிறவர். “எழுதறதுக்குத் தனியா எவ்வளவு?” என்றார்.

இருபது வருஷத்துக்கு மேலாக எழுதுகிறேன். என் எழுத்துக்கு விலை கேட்ட ஒரே மனிதர் அவர்தான். சொல்வதற்கு ஒரு தொகை தயாராக இல்லாததால் அந்த வாய்ப்பையும் கோட்டை விட்டேன்.

மயிலாடுதுறையில் எனக்கு வங்கி வேலை. அது போக, நாயனத்துக்கும் தவிலுக்கும் மட்டுமாக ஒரு இணையதளம். முதலாவதில் சம்பளம் வருகிறது, இரண்டாவதில் போகிறது. தளத்துக்குப் பெயர் ‘ஒத்து’. நாயனக்காரருக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரே சுருதியை ராத்திரி முழுக்கக் கன்னம் உப்ப ஊதுவாரே ஒருவர், அவர் கையில் இருக்கும் குழலுக்கு ஒத்து என்று பெயர். நோட்டீஸில் அவர் பேர் வராது. சுருதிப் பெட்டி வந்து இப்போது அவர் வேலையையும் பிடுங்கிக்கொண்டது. அடக்கமான பெயர் என்று நினைத்துத்தான் வைத்தேன். முதல் விமர்சனம் வெளியான மறுநாள் ஒரு வித்வானின் மைத்துனர் கடைத்தெருவில் நிறுத்தி, “அவருக்கு நல்லாத்தான் ஒத்து ஊதறீங்க” என்றார். என்னைத் திட்டுவதற்கு வேண்டிய வார்த்தையை நானே போர்டு எழுதி மாட்டி வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

வாய்ப்பாட்டைப் பற்றி எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கே கூட்டம் அதிகம். கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் விகடனில் எழுதிய காலத்திலிருந்து அந்த வரிசை நிற்கிறது. சுப்புடு பேனாவைத் திறந்தால் மேடையில் இருப்பவருக்கு வேர்க்கும் என்பார்கள். இன்றைக்கு டிசம்பரில் மயிலாப்பூர் பக்கம் போனால் ஒரு கச்சேரிக்கு ஒன்பது விமர்சகர்கள். அதில் நாலு பேர் கேன்டீன் அடை அவியலுக்கும் தனியாக விமர்சனம் எழுதுகிறார்கள். நாயனத்துக்கு ஒரு ஆள் கிடையாது. போட்டியே இல்லை! என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து கடன் கேட்கிறவர்களும் இதைத்தான் சொல்வார்கள்: “சார், இந்த ஏரியாவுல இப்படி ஒரு கடையே இல்லை.” கடையே இல்லையென்றால் வாங்க ஆளில்லை என்று அர்த்தம், போய் வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். என்னுடைய விண்ணப்பத்தை மட்டும் நானே பார்த்து நானே சாங்ஷன் செய்துவிட்டேன்.

2003-இல் ஆரம்பித்தபோது தமிழைத் திரையில் கொண்டு வருவதே பெரிய வித்தை. திஸ்கி என்று ஒரு குறியேற்றம். அதற்கான எழுத்துருவை வாசகர் தன் கணினியில் ஏற்றி வைத்திருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் ஏதோ ஐரோப்பிய மொழியில் யாரோ யாரையோ வைகிற மாதிரி இருக்கும். அப்புறம் யூனிகோடு வந்தது, இ-கலப்பை என்று ஒரு தட்டச்சு மென்பொருள் வந்தது, பழையதையெல்லாம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து உழுதேன். முக்கால்வாசி தேறியது. திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளையைப் பற்றிய கட்டுரையில் மட்டும் ஒவ்வொரு ‘ணி’யும் கேள்விக்குறியாக மாறிவிட்டது. பெரிய வித்வான் பெயரிலேயே கேள்வியா என்று எனக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. கேட்க ஆளில்லை என்பதால் சமாளித்தேன்.

ஆளே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. டொரொன்டோவில் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்து அளவெட்டிக்காரர், பனிக்காலத்தில் வேறு வேலை இல்லாமல் முழுவதையும் படித்துவிட்டு எழுதினார்: “யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைப் பற்றி ஒரு வரி எழுதாமல் நீங்கள் தவிலைப் பற்றி என்னத்தை எழுதுறீங்கள்?” 1975-இல் நாற்பத்திரண்டு வயதைத் தாண்டாமல் போய்ச் சேர்ந்துவிட்ட மனிதர் தெட்சணாமூர்த்தி. தஞ்சாவூர்த் தவில்காரர்களே வழிவிட்டு நின்ற கை என்று இங்கேயும் பெரியவர்கள் சொல்வார்கள். விட்டது என் தப்பு. தேடித் தேடி ஒரு மாதம் எழுதினேன். ‘பரவாயில்லை’ என்று பதில் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்று ஒரு நண்பர் தேற்றினார்.

கூட்டம் வந்த காலமும் உண்டு. 2010-இல் திடீரென்று ஆயிரக்கணக்கில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மனைவியைக் கூப்பிட்டு எண்ணைக் காட்டினேன். தமிழ்ச் சமூகம் விழித்துக்கொண்டுவிட்டது என்றே சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “என்னங்க, சன் டிவியிலே ‘நாதஸ்வரம்’னு சீரியல் ஆரம்பிச்சிருக்காங்க, தெரியாதா?” என்றாள். நாகஸ்வரமா நாதஸ்வரமா என்று பண்டிதர்கள் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டும் ஒரு விவாதம் உண்டு. நாகஸ்வரமே சரி என்று நானும் ஆறு பக்கம் எழுதி, எதிர்க்கட்சிக்கு மரியாதை கொடுத்து ‘நாதஸ்வரம்’ என்ற சொல்லை நாற்பது இடத்தில் போட்டிருந்தேன். அந்த நாற்பதுதான் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. சீரியல் 2015 வரை ஓடியது. ஐந்து வருஷம் என் தளம் அமோகமாக இருந்தது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு நேற்றைய எபிசோடு வேண்டும். தொழிலில் இருப்பவர்கள் நாகமும் சொல்வதில்லை, நாதமும் சொல்வதில்லை; நாயனம் என்பார்கள். நானும் அப்படியே மாறிக்கொண்டேன்.

பாட்டை ஓடவிட ஒவ்வொரு பக்கத்திலும் சின்னதாக ஒரு பெட்டி வைத்திருந்தேன். சிடி, கேசட், 78 சுழற்சித் தட்டு என்று சேர்த்ததெல்லாம் அதில். ஒரு தோடியை ஆரம்பித்தால் பொழுது விடிகிற வரைக்கும் விடமாட்டாராம் ராஜரத்தினம் பிள்ளை. தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் இடம். அந்த மூன்று நிமிஷத்தையும் ஃப்ளாஷ் என்கிற நுட்பத்தை நம்பி ஒப்படைத்தேன். 2020 டிசம்பர் 31-உடன் அதன் கதை முடிந்தது. ஜனவரி காலையில் பார்த்தால் இருநூற்றுச் சொச்சம் பக்கங்களிலும் பெட்டி இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். சாம்பல் என்று பார்த்துத்தான் நிறம் கொடுத்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய இழவு ஒன்று நடந்தது. தளத்தின் முகவரிக்கு வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். எழுநூற்றுச் சொச்சம்தான். தவணை தவறியவர்களுக்கு நோட்டீஸ் அனுப்புகிற மேஜையில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வந்த நோட்டீஸ்களை நான் பார்க்கவில்லை. அவை போய்ச் சேர்ந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் எனக்கு மறந்து போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த வாரம் பார்த்து ஒரு பெரியவரிடம் பேட்டி எடுத்துப் போட்டிருந்தேன். எண்பத்தோரு வயது. “ஐயா, பேரனை விட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்க” என்று முகவரியைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தேன். மூன்று நாள் கழித்துப் போன் வந்தது.

“தம்பி, என்னைப் பத்தி எழுதியிருக்கேன்னு சொன்னியே?”

“ஆமாங்கய்யா. பார்த்தீங்களா?”

“பேரன் காட்டினான். சீட்டுக்கட்டுல்ல இருக்கு? ஒரு பொண்ணு வேற நின்னுக்கிட்டு, ஆடுறியா ஆடுறியாங்குது.”

நான் வாய் திறப்பதற்குள் அவரே, “பரவாயில்லை, அந்தக் காலத்திலே நாங்களும் திருவிழா முடிஞ்சா ஆடினவங்கதான். அதை ஏன் போட்டேன்னுதான் கேட்டேன்” என்றார். முகவரியை எவனோ எடுத்து ரம்மிக்குக் கொடுத்துவிட்டான். திருப்பிக் கேட்டதற்கு இரண்டாயிரத்து நானூறு டாலர் என்றான். தெருவில் உருட்டி எறிந்த பானையைப் பக்கத்து வீட்டுக்காரன் எடுத்துக் கழுவி, நம்மிடமே வந்து வெள்ளிப் பானை விலை சொன்ன மாதிரி இருந்தது. ‘ஒத்து’வுக்குப் பின்னால் ஒரு ஒன்றைச் சேர்த்துப் புது முகவரி வாங்கினேன். பழைய முகவரிக்கு இன்றைக்கும் என்னைவிடக் கூட்டம் அதிகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சபா விமர்சகருக்கு நாற்காலி உண்டு, ஏசி உண்டு, எதிரில் வித்வான் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார். என் வித்வான் நடந்துகொண்டிருப்பார். சுவாமி புறப்பட ராத்திரி பதினொன்று ஆகும். முதலில் மேளம், பின்னால் சுவாமி, அதற்குப் பின்னால் டியூப் லைட்டுகளைச் சுமந்துகொண்டு ஜெனரேட்டர் வண்டி. வித்வானுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் எவ்வளவு தூரத்தில் நடந்தால் காது பிழைக்கும் என்பது அனுபவத்தில்தான் வரும். நாலு வீதி முனையிலும் மேளம் நிற்கும், அங்கேதான் ஆலாபனை. அங்கேதான் தெருநாய்களும் இருக்கும். மடிக்கணினிப் பையைப் பார்த்தால் நாய்களுக்கு ஆகாது. விமர்சனம் எழுதப்போய்த் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட பரம்பரை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நான் போனபோது ஊசி கைக்கு மாறிவிட்டிருந்தது.

அப்படி ஒரு ராத்திரி மல்லாரியைப் பதிவு செய்தேன். சுவாமி கோயிலை விட்டுக் கிளம்பும்போது முதலில் வாசிப்பது மல்லாரிதான். கம்பீரநாட்டை ராகம், சாகித்தியம் என்று ஒரு வார்த்தை கிடையாது. தவில் முழங்க அந்த ஐந்து ஸ்வரங்களும் இறங்கும்போது, தேங்காய் உடைக்க நிற்கும் ஆசாமிகூட வேட்டியைத் தழைத்து விட்டுக்கொள்வான். தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தவாரிக்கு ஒன்று, சுவாமிக்குத் தளிகை கொண்டு போகும்போது ஒன்று. பதினேழு நிமிஷம், கை நடுங்காமல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதுகுப் பக்கமாகவே நடந்து எடுத்தேன். காணொளித் தளம் ஒன்றில் ஏற்றினேன். அடுத்த பத்தாவது நிமிஷம் கடிதம்: ‘உங்கள் காணொளியில் காப்புரிமை பெற்ற இசை உள்ளது. உரிமையாளர்: ஓர் ஆடியோ கம்பெனி.’

எனக்கு வந்ததே கோபம். மல்லாரிக்கு ஒரு கம்பெனி உரிமையாளரா? கோயில் வாசலில் நின்று மூலவர் பேரில் பட்டா போட்டுக்கொண்ட மாதிரி அல்லவா இருக்கிறது! ஆட்சேபப் படிவத்தைத் திறந்தேன். நம் ஊர்ச் சட்டப்படி ஆக்கியவர் இறந்து அறுபது வருஷம் வரைதான் உரிமை. மல்லாரியை ஆக்கியவர் எந்த நூற்றாண்டுக்காரர் என்று கம்பெனி முதலில் நிரூபிக்கட்டும் என்று தொடங்கினேன். கம்பீரநாட்டையின் லட்சணம், சின்ன மல்லாரிக்கும் பெரிய மல்லாரிக்கும் உள்ள வித்தியாசம், திரிகாலம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதினேன். கட்டத்தில் இடம் போதாமல் நாலு தவணையாக அனுப்பினேன். பதில் சொல்லக் கம்பெனிக்கு முப்பது நாள் அவகாசம். அந்த முப்பது நாளும் ஆபீசில் ஒவ்வொருவரிடமும் இந்த அநியாயத்தைச் சொன்னேன். கேஷியர் அம்மா இரண்டு முறை கேட்டு இரண்டு முறையும் உச்சுக் கொட்டினார்.

இருபத்தெட்டாவது நாள் என் மகள் எட்டிப் பார்த்தாள். “அப்பா, எந்த இடம்னு அதிலேயே போட்டிருக்கே, பாக்கலையா? நாலு நிமிஷம் பன்னெண்டு செகண்ட்லேருந்து கேளுங்க.”

கேட்டேன். நாயனம் ஒரு மூச்சு நிறுத்துகிறது. தவில் ஓய்கிறது. அந்த இடைவெளியில், கீழ வீதி டீக்கடை ஸ்பீக்கரிலிருந்து ஒரு குத்துப்பாட்டு, பல்லவி முழுசாக, பளிச்சென்று. கம்பெனி தன் சொத்தைத்தான் கேட்டிருக்கிறது. நான் அவர்களுக்குக் கம்பீரநாட்டை பாடம் எடுத்திருக்கிறேன்.

அப்போதிலிருந்து புறப்பாட்டுக்கு முன்னால் வீதியில் ஒரு சுற்று போய்வருகிறேன். “அண்ணே, கொஞ்ச நேரம் பாட்டை நிறுத்தினா நல்லா இருக்கும்.” “நிறுத்திட்டாப் போச்சு சார். நாலு டீ சொல்லுங்க.” வீதிக்கு ஒரு கடை, கடைக்கு நாலு டீ. காப்புரிமைச் சட்டம் எனக்கு விழாவுக்குப் பதினாறு டீயில் முடிகிறது. குடிப்பதற்குத் தவில் செட்டு இருக்கிறது.

சம்பாத்தியம் எப்படி என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். ஒரு விளம்பரச் சேவையில் சேர்ந்தேன். தவிலைப் பற்றிய கட்டுரைக்குப் பக்கத்தில் காது கேட்கும் கருவி விளம்பரம் வந்தது. அதில் தப்பு சொல்ல முடியாது. நூறு டாலர் சேர்ந்தால்தான் கையில் கொடுப்பார்கள்; மூன்று வருஷத்தில் பதினொன்று சேர்ந்திருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் நான் ரிட்டயர் ஆகிப் பல வருஷம் கழித்து முதல் சம்பளம். சரி, வாசகர்களிடமே கேட்போம் என்று பக்கத்தின் அடியில் க்யூஆர் கட்டம் ஒன்று போட்டேன். முதல் வாரத்தில் ஐந்நூற்றொன்று விழுந்தது. ஆடிப் போய்விட்டேன். குறிப்பைப் படித்தால் ‘மணமக்கள் பல்லாண்டு வாழ்க’ என்று இருந்தது. நாயனம் படம், கீழே க்யூஆர். பத்திரிகை என்று நினைத்து யாரோ மொய் எழுதிவிட்டார். யாருக்குத் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மொய்க் கடன் வைத்திருக்கக் கூடாது.

எழுத்து மட்டும் நன்றாக ஊர் சுற்றுகிறது, என் பெயரை வீட்டில் விட்டுவிட்டு. நாயனம் செய்கிற நரசிங்கம்பேட்டைக்குப் போய் மூன்று நாள் பட்டறையில் உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். ஆச்சா மரத்தில் உலவு என்கிற குழலைக் கடைவதை, பழைய வீடு இடிக்கிற இடமாகப் பார்த்து உத்தரம் வாங்கி வருவதை, ரங்கநாத ஆசாரி ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி என்கிற நீள நாயனம் செய்து கொடுத்த கதையை, காவிரிப் படுகைக் கொறுக்கைத் தட்டையை அவித்துக் காயவைத்து, வாயில் வைத்து ஊதும் சீவாளி கட்டுவதை, எல்லாம். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்தக் கட்டுரைக்கு இறக்கை முளைத்தது. ஒரு நாள் என் சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மேலே ‘படித்ததில் பிடித்தது’. என் வரிகள், ஒரு புள்ளி மாறாமல். கடைசியில் மட்டும் ‘ஆச்சா மரக் குழலை ஊதினால் சர்க்கரை இறங்கும், மேல்நாட்டு விஞ்ஞானிகள் வியப்பு’ என்று யாரோ ஒரு புண்ணியவான் சேர்த்திருந்தார். அடியில் சித்தப்பாவின் கைவரிசை: “நீயும் என்னமோ எழுதறேங்கிறியே, இது மாதிரி உபயோகமா எழுது.” நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்குச் சர்க்கரை முந்நூறு. எங்கே குழல் கிடைக்கும் என்று அடுத்த கேள்வி வரும். விட்டுவிட்டேன்.

மேளம் கேட்டு வருகிறவர்களிடம் ஆரம்பத்தில் கோபப்பட்டேன். பிறகு எரிச்சல் குறைந்து, தெரிந்த வித்வான்களின் எண்ணைக் கொடுத்தேன். அப்புறம் வித்வான்களே கூப்பிட ஆரம்பித்தார்கள். “தம்பி, ஆவணியிலே நாலு முகூர்த்தம் சும்மா கிடக்கு, பார்த்துப் போட்டு விடு.” போடுவது என்றால் தளத்தில் போடுவது இல்லை, கல்யாணத்தில் போடுவது. ஒரு நோட்டு வாங்கினேன். முகூர்த்தத் தேதி, மண்டபம், செட்டு, அச்சாரம். அந்த நோட்டில் விழுந்த எழுத்து தளத்தில் எழுதினதைவிட அதிகமாகிவிட்டது. தம்பிடி கமிஷன் வாங்கியது கிடையாது. அதனாலேயே தொழில்முறைத் தரகர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல். நானே ஏற்பாடு செய்துவிட்ட வித்வானை நானே எப்படி விமர்சிப்பது? விமர்சனத்தை யார் படிக்கிறார்கள் என்று துணிந்து இருந்தேன். படிக்கிறவர் ஒருவர் கிளம்பி வந்தார்.

பங்குனியில் ஒரு நாள், என் மேஜைக்கு எதிரில், கடன் கேட்பவர்கள் உட்காரும் நாற்காலியில் வந்து அமர்ந்தார். மஞ்சள் பை. பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம். பேசியிருந்த வித்வானைச் சொன்னவன் நான்தான். முப்பத்தைந்தாயிரம் என்று முடிவாகியிருந்தது. பையிலிருந்து முதலில் ஜாதகக் கட்டை எடுத்து மேஜையில் வைத்தார், அதன் அடியிலிருந்து என் விமர்சனத்தின் அச்செடுத்த தாளை உருவினார். சில வரிகளுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

“நீங்க எழுதினதுதானே சார் இது?”

என் எழுத்தைக் காசு கொடுத்து அச்செடுத்து, கோடு போட்டுப் படித்த ஒரு மனிதர்! குரல் தழுதழுக்க ஆமாம் என்றேன்.

“அப்போ முப்பத்தஞ்சு எப்படி சொல்றாரு?”

“ஏன், அதுக்கென்ன?”

“நீங்களே எழுதியிருக்கீங்களே சார்.” தாளைத் தூக்கிப் பிடித்துச் சத்தமாகப் படித்தார். “‘இவருடைய பேகடாவில் மத்திமம்தான் உயிர்.’ இங்கே பாருங்க, ‘அடுத்த வீதியிலும் அதே மத்திமம்.’ மூணாவது, ‘இந்த மத்திமத்தைக் கேட்கவே இன்னொரு முறை வரலாம்.’ மத்திமமான ஆளுக்கு முப்பத்தஞ்சா? உத்தமமானவர்னா கொடுக்கலாம். எங்க பொண்ணு ஜாதகத்துல ரஜ்ஜு உத்தமம், கணம் உத்தமம். தினம் ஒண்ணுதான் மத்திமம், அதுக்கே மாப்பிள்ளை வீட்டுல எவ்வளவு பேசினாங்க தெரியுமா?”

பேகடா மத்திமம் என்பது சங்கீதக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடும் ஒரு இடம். சுத்த மத்திமம்தான், ஆனால் தனக்கென்று போட்ட கோட்டிலிருந்து ஒரு நூல் மேலே ஏறி நிற்கும். ஹார்மோனியத்தில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது. மூச்சாலும் உதட்டாலும் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். வங்கி நேரம் என்று பார்க்காமல் மெல்லப் பாடியும் காட்டினேன். மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று பார்த்தார். பெண்ணைப் பெற்றவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ மத்திமம்தான்னு ஒத்துக்கறீங்க” என்றார். முப்பதாயிரத்தில் முடிந்தது.

பெரியவரான அந்த வித்வானிடம் நானே போய்ச் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து சீவாளிக் கொத்தை வெயிலில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன எழுதினே?”

“உங்க பேகடா மத்திமத்தைப் பத்திங்க. நல்லா எழுதியிருந்தேன்.”

“நல்லா எழுதினா எப்படி அஞ்சாயிரம் குறையும்?”

விளக்கினேன். ஒரு சீவாளியை எடுத்து ஊதிப் பார்த்தார். பீ என்றது. “சரி விடு. வைகாசி, ஆனி போனா ஆடி வந்துடும். ஆடியிலே குழலை உறைக்குள்ளே போட்டுட்டுத் தூங்க வேண்டியதுதான். வர்றதை விடக் கூடாது.”

கல்யாணத்துக்கு நானும் போனேன். குற்றவாளி சம்பவ இடத்துக்குத் திரும்பி வருவான் என்பார்களே. ஐயர் கையைத் தூக்கினார், கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது. அடுத்த இரண்டாவது நிமிஷம் மண்டபம் காலி. மாடியில் பந்தி. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோகிராபர் சொன்னபடி திரும்பிக்கொண்டிருந்தார்கள். மூலையில் பாட்டுக் கச்சேரிக்காரர்கள் சாயங்காலத்துக்காக மைக்கில் ஹலோ ஹலோ என்று சொல்லிப் பார்த்தார்கள். இந்த நேரத்தில் வழக்கமாக மேளமும் இறங்கிவிடும்.

பெரியவர் இறங்கவில்லை. சீவாளியை மாற்றினார். தந்த ஊசியால் அதன் வாயை நெருடி, நாக்கில் வைத்து ஈரப்படுத்தி, குழல் முனைக் கெண்டையில் செருகினார். காலி நாற்காலி வரிசையில் நான் ஒருவன், ஐஸ்கிரீம் கப்போடு ஒரு பையன். பேகடாவை எடுத்தார். ஹலோ சொல்லிக்கொண்டிருந்தவன் மைக்கை அணைத்தான். கீழே இருந்து சுற்றிச் சுற்றி வந்தார். மத்திமத்துக்குப் பக்கத்தில் வருவார், தொடாமல் திரும்புவார். மூன்று முறை அப்படிச் செய்தார். நாலாவது முறை அதில் வந்து நின்றார். கழுத்து நரம்பு தெரிந்தது. குழலை என் பக்கம் திருப்பி, புருவத்தைத் தூக்கி, நின்றுகொண்டே இருந்தார். தவில்காரர் கழியை மடியில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பையனின் ஐஸ்கிரீம் உருகி முழங்கை வழியாக ஒழுகியது, அவன் கவனிக்கவில்லை.

முடித்துவிட்டு, குழலைத் துண்டால் துடைத்தபடி என்னைக் கூப்பிட்டார்.

“இதைப் பத்தி எழுதுவியா தம்பி?”

“எழுதாம எப்படிய்யா?”

“எழுது. நல்லா எழுது. மத்திமம்கிற வார்த்தையை மட்டும் போட்டுடாதே.”

மூன்று மாதமாக அந்தக் கட்டுரை பாதியில் நிற்கிறது. பேகடாவைப் பற்றி மத்திமம் என்று சொல்லாமல் எழுத யாருக்காவது வழி தெரிந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மேளம் கேட்டுக் கூப்பிடுவீர்களே, அதே நம்பர்தான்.